லைட் க்ரூடிலிருந்து டீசல் எடுக்கும் சிறிய ஆலை: மீதி எண்ணெய் எங்கே போகும்?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். எண்ணெய்க் கிணறுகளுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய சுத்திகரிப்பு ஆலை திட்டமிடப்படுகிறது. நாளுக்கு 10,000 பீப்பாய் லைட் க்ரூடை, அதாவது லேசான கச்சா எண்ணெயை, உள்ளே எடுத்து டீசல் தயாரிப்பார்கள். தெரிந்தவர் ஒருவர் அதில் முதலீடு செய்யச் சொல்கிறார். க்ரூடு லைட், கந்தகம் குறைவு, டீசலுக்கு அந்த வட்டாரத்திலேயே கிராக்கி. இவ்வளவு சாதகம் இருந்தும் பெரிய கம்பெனிகள் ஏன் இதைத் தொடவில்லை, இதில் ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா என்பது கேள்வி. கூடவே ஒரு கணக்கும் போட்டிருக்கிறீர்கள்: 10,000 பீப்பாய் டீசலை இன்றைய விலையால் பெருக்கி, க்ரூடு விலையைக் கழித்து, மிஞ்சுவது லாபம் என்று. நீங்கள் தேடுகிற வில்லங்கம் அந்தப் பெருக்கலிலேயே இருக்கிறது. 10,000 பீப்பாய் க்ரூடு உள்ளே போனால் 10,000 பீப்பாய் டீசல் வெளியே வராது. ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு வரும். ஆலை பிழைக்குமா என்பதை அந்த மூவாயிரத்து ஐந்நூறு தீர்மானிப்பதில்லை, மீதி ஆறாயிரத்துச் சொச்சம் பீப்பாய்தான் தீர்மானிக்கிறது.

நான் க்ரூடு காய்ச்சி வடிக்கும் பிரிவில் பல வருடம் ஷிப்ட் பார்த்தவன். பிற்பாடு உற்பத்தித் திட்டமிடலுக்கு மாற்றினார்கள். அதனால் குழாய்க்குள் என்ன நடக்கிறது, டேங்குகளுக்குள் என்ன சேர்கிறது என்பதைத் தெரிந்து சொல்கிறேன். க்ரூடு விலை அடுத்த வருடம் எங்கே நிற்கும் என்பதில் உங்களுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும். அதை அடித்துச் சொல்கிறவர் யாராவது உங்களுக்குக் கிடைத்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

முதலில் கோபுரம். க்ரூடை உலையில் 350 முதல் 370 டிகிரி வரை சூடாக்கிக் கோபுரத்துக்குள் விடுகிறோம். ஆவியாகி மேலே ஏறுவது தட்டுத் தட்டாகக் குளிர்ந்து, கொதிநிலைப்படி பிரிகிறது. உச்சியில் எரிவாயுவும், பெட்ரோல் மாதிரி லேசான நாப்தாவும், அதற்குக் கீழே மண்ணெண்ணெய், அதற்கும் கீழே டீசல், ஆவியாக மறுத்துத் தங்கியது அடியில் கசடாக. டீசல் என்று நாம் வெட்டி எடுப்பது சுமார் 180 டிகிரியிலிருந்து 360 டிகிரிக்குள் கொதிக்கும் பகுதியை மட்டும்தான். இன்னும் சூடேற்றினால் கசடிலிருந்தும் டீசல் வராதா என்று கேட்பார்கள். 370ஐத் தாண்டினால் மூலக்கூறுகள் கன்னாபின்னாவென்று உடைய ஆரம்பித்து உலைக் குழாய்க்குள் கரி கட்டிவிடும். கோபுரம் எதையும் உண்டாக்குவதில்லை. க்ரூடில் ஏற்கெனவே இருப்பதைப் பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். சல்லடை நெல்லை விளைவிக்காது.

அடுத்தது 'லைட்' என்ற வார்த்தை. நல்ல க்ரூடு என்ற பொருளில் அதைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் எதற்கு நல்லது என்று பார்க்க வேண்டும். எண்ணெயின் லேசுத்தன்மையை ஏபிஐ எண்ணால் அளக்கிறோம். அந்த அளவுகோலில் தண்ணீர் 10. எண் ஏற ஏற எண்ணெய் லேசு. 40 ஏபிஐ க்ரூடு என்றால் தண்ணீரில் 0.825 பங்கு கனம். லேசாகிறது என்பதன் பொருள், சின்ன மூலக்கூறுகள் அதிகம், அதாவது நாப்தாவும் வாயுவும் அதிகம் என்பதுதான். கசடு குறைகிறது, அது நல்லது. ஆனால் குறைந்த கசடு டீசலாக மாறிவிடுவதில்லை. 40 அளவிலான ஒரு க்ரூடை எடுத்துக்கொண்டால், மண்ணெண்ணெய்ப் பகுதியையும் இழுத்துச் சேர்த்து டீசல் 35 முதல் 40 சதவீதம், நாப்தா 30 சதவீதம் அளவுக்கு, கசடு 25 முதல் 30, மீதி வாயு என்று வரும். 50ஐத் தாண்டினால் அது கண்டன்சேட், அதாவது மிகவும் லேசான எண்ணெய். அங்கே நாப்தாவே பாதியைத் தொடும், டீசல் இன்னும் சுருங்கும். டீசலுக்காகவே ஒரு ஆலை கட்டுகிறவர், லைட் க்ரூடைவிடக் கொஞ்சம் கனமான நடுத்தர க்ரூடையும், கசடின் பெரிய மூலக்கூறுகளை உடைத்து டீசலாக்கும் யூனிட்டையும் வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்படுவார். உங்களிடம் வந்த திட்டத்தின் க்ரூடு எப்படி வெட்டுப்படும் என்பது அதன் அஸ்ஸே அறிக்கையில் இருக்கும். ஒவ்வொரு கொதிநிலை வரம்பிலும் எத்தனை சதவீதம், அதில் கந்தகம் எவ்வளவு, எந்த வெப்பத்தில் உறைகிறது என்ற அட்டவணை அது. அதைப் பார்க்காமல் நான் சொல்லும் சதவீதங்கள் தோராயம்தான், ஆனால் உங்கள் கணக்கின் நூறு சதவீதம் தப்பு என்று சொல்ல அந்த அட்டவணை தேவையில்லை.

சரி, வெட்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்து டீசலைக் கூட்ட முடியாதா? முடியும், ஓரளவுக்கு. கொதிநிலையில் கீழ்ப்பக்கம் நாப்தாவின் கனமான பகுதியை டீசலுக்குள் இழுத்தால் ஃப்ளாஷ் பாயிண்ட் விழும், அதாவது சின்னச் சூட்டிலேயே தீப்பிடிக்கும் டீசலாகிவிடும். ஐரோப்பிய விதியில் குறைந்தது 55 டிகிரி, அமெரிக்காவில் இரண்டாம் எண் டீசலுக்கு 52 டிகிரி. கொதிநிலையில் மேல்பக்கம் கசடை நோக்கி இழுத்தால் மெழுகு வரும். லைட் க்ரூடுகள் பெரும்பாலும் பாரஃபின் மிகுந்தவை. அதனால் சீட்டேன் எண், அதாவது டீசல் எவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்கிறது என்ற அளவு, பிரமாதமாக இருக்கும், எஞ்சின் சுகமாக எரிக்கும். ஆனால் குளிர் நாட்களில் அதே பாரஃபின் மெழுகாக உறைந்து வண்டியின் ஃபில்டரை அடைத்துவிடும்.

இந்த எல்லைகள் எவ்வளவு குறுகலானவை என்பதற்கு ஒரு இரவு ஷிப்ட். நான் வேலை பார்த்த ஆலையின் பெயர் வேண்டாம். இரண்டரை மணிக்கு லேப்பிலிருந்து போன்: டீசல் ஃப்ளாஷ் 41. திரையில் எல்லாமே சரியாக இருந்தது. கோபுர வெப்பம், அழுத்தம், டீசல் ஸ்ட்ரிப்பருக்குப் போகும் நீராவி, எதிலும் குறையில்லை. அந்த நீராவிதான் டீசலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நாப்தாவைத் துரத்தி வெளியேற்றும். ஆபரேட்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாக்கிடாக்கியில் சொன்னார்: "சார், வால்வு கால்வாசிகூடத் திறக்கல." மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாயில் தண்ணீர் தேங்கி, நீராவி நிறையப் போவதாகப் பொய்க் கணக்கு காட்டியிருக்கிறது, அதை நம்பி வால்வு தன்னால் மூடிக்கொண்டே வந்திருக்கிறது. அதற்குள் சில மணி நேரத்து டீசல் டேங்குக்குள் போய்விட்டது. எங்களுடையது பெரிய ஆலை, ஏழெட்டு டேங்க் இருந்தது, மெல்லக் கலந்து சரிக்கட்டினோம். இரண்டே டீசல் டேங்க் வைத்திருக்கும் சிறிய ஆலையில் இதே தப்பு நடந்தால், ஒன்றில் கெட்டுப்போன சரக்கு நிற்கும், இன்னொன்று நிரம்பிக்கொண்டிருக்கும், வெளியே லாரிகள் வரிசையில் காத்திருக்கும்.

கந்தகத்துக்கு வருவோம். 'கந்தகம் குறைவு, சுத்திகரிப்புச் செலவு இல்லை' என்று திட்ட அறிக்கையில் எழுதியிருந்தால் பாதி உண்மை. 0.1 முதல் 0.2 சதவீதம் கந்தகம் உள்ள க்ரூடை ஸ்வீட் என்கிறோம், நியாயம்தான். ஆனால் 0.1 சதவீதம் என்பது பத்து லட்சத்தில் 1,000 பங்கு. டீசல் பகுதியில் மொத்த க்ரூடைவிடக் குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் நூற்றுக்கணக்கில் நிற்கும். இன்றைய வாகன டீசல் விதி ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 10 பங்கு, அமெரிக்காவில் 15. ஆகவே எவ்வளவு ஸ்வீட்டான க்ரூடாக இருந்தாலும், நல்ல விதிகள் உள்ள நாட்டில் கோபுரத்திலிருந்து இறங்கும் டீசலை அப்படியே பெட்ரோல் பங்க்குக்கு அனுப்ப முடியாது. ஹைட்ரோட்ரீட்டர் வேண்டும். 330 முதல் 380 டிகிரி சூட்டில், பல பத்து பார் அழுத்தத்தில், கோபால்ட்-மாலிப்டினம் கிரியா ஊக்கியின் மேல் டீசலையும் ஹைட்ரஜனையும் சேர்த்து ஓட்டினால் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகக் கழன்று வரும்.

ஹைட்ரஜன் எங்கிருந்து வரும்? பெரிய ஆலையில் நாப்தாவைப் பெட்ரோலாக்கும் ரிஃபார்மர் இருக்கும். அதிலிருந்து ஹைட்ரஜன் உபரியாக வரும், ஏறக்குறைய இலவசம். டீசல் மட்டும் போதும் என்று கட்டப்படும் சிறிய ஆலையில் ரிஃபார்மர் இல்லை. எனவே இயற்கை எரிவாயுவையும் நீராவியையும் வைத்து ஹைட்ரஜன் தயாரிக்கத் தனி யூனிட். கழன்று வந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சு வாயு. அதைக் கழுவ அமீன் யூனிட், கந்தகமாக மாற்ற இன்னொரு ஏற்பாடு. ஒரு உலை, ஒரு கோபுரம் என்று ஆரம்பித்தது இங்கே நான்கைந்து யூனிட்டாகிவிடுகிறது. 'சின்ன ஆலை, ஆபத்தும் சின்னதாகத்தான் இருக்கும்' என்ற பேச்சையும் ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் நான் ஏற்க மாட்டேன். 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அனகோர்ட்டஸ் ஆலையில் நாப்தா ஹைட்ரோட்ரீட்டரின் ஒரு வெப்பப் பரிமாற்றி வெடித்து 7 பேர் இறந்தார்கள். சூடான ஹைட்ரஜன் வருடக்கணக்கில் எஃகை உள்ளிருந்தே அரித்திருந்தது. அந்த அரிப்புக்கு ஆலையின் அளவு பெரிதா சிறிதா என்ற கணக்கெல்லாம் கிடையாது.

இப்போது மீதி ஆறாயிரம் பீப்பாய்க்கு வருகிறேன். நாப்தா பார்க்கப் பெட்ரோல் மாதிரியே இருக்கும், வாசனையும் அதேதான். ஆனால் கோபுரத்திலிருந்து நேராக வரும் நாப்தாவின் ஆக்டேன் எண் மிகவும் குறைவு, பெட்ரோல் வண்டியில் ஊற்றினால் எஞ்சின் தட்டும். அதை வாங்குகிறவர்கள் மூன்று வகை: ரிஃபார்மர் வைத்திருக்கும் வேறு ஆலைகள், பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள் செய்யும் பெட்ரோகெமிக்கல் ஆலைகள், கெட்டித் தாரெண்ணெயைக் குழாயில் ஓடவைக்க நீர்த்துப்போகச் செய்கிறவர்கள். இவர்களில் யாரும் எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்தில் குடியிருப்பதில்லை. கசடும் அப்படித்தான். கந்தகம் குறைந்த கசடு நல்ல சரக்கு, உடைக்கும் யூனிட் உள்ள ஆலைகள் விரும்பி வாங்கும். ஆனால் பாரஃபின் க்ரூடின் கசடு ஆறினால் மெழுகுவத்தி மாதிரி நின்றுவிடும். டேங்குக்குள் நீராவிச் சுருள், குழாய்க்கு மேல் சூடாக்கும் கம்பி, சூடேற்றும் வசதி கொண்ட ரயில் டேங்கர், இறக்கும் இடத்திலும் நீராவி, இத்தனையும் வேண்டும்.

திட்டமிடல் பிரிவுக்குப் போன புதிதில் எனக்கு இது உறைத்தது. நாப்தா வாங்குகிறவருடைய பக்கத்தில் ஏதோ பழுது, இரண்டு நாளாக டேங்கர் வரவில்லை. காலையில் டேங்க் உச்சியில் ஏறி டிப் டேப்பை இறக்கிப் பார்த்த பையன் கீழே வந்து, மேலே ஒன்றரை மீட்டர்தான் மிச்சம் என்றான். டீசல் விலை அன்று உச்சத்தில் இருந்தது. டீசலுக்கு ஆர்டர் காத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் க்ரூடு ஓட்டத்தை அறுபது சதவீதத்துக்கு இறக்கச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நாப்தாவுக்கு இடமில்லை என்றால் டீசலும் இல்லை. கோபுரம் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை நிறுத்தி வைக்காது. அதற்கும் கீழே குறைத்தால் தட்டுகளில் திரவம் நிற்காமல் ஒழுகிப் பிரிப்பே கெட்டுவிடும், நிறுத்துவது ஒன்றுதான் வழி. அன்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம், மறுநாள் மாலை டேங்கர் வந்தது.

பணக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் வசதிக்காக வைத்துக்கொள்பவை, யாருடைய சந்தை விலையும் அல்ல. க்ரூடு பீப்பாய் 100 ரூபாய் என்று வையுங்கள். டீசல் 120க்கு விற்கிறது. நாப்தாவுக்குப் போக்குவரத்துக் கழித்து ஆலை வாசலில் 90 கிடைக்கிறது, கசடுக்கு 85. ஒரு பீப்பாயில் 36 சதவீதம் டீசல், 31 சதவீதம் நாப்தா, 29 சதவீதம் கசடு, மீதி 4 சதவீதம் வாயுவாகப் போய் உலையிலேயே எரிகிறது. டீசலில் 43.20, நாப்தாவில் 27.90, கசடில் 24.65. கூட்டினால் 95.75. நூறு ரூபாய்க்கு வாங்கியதைக் காய்ச்சி 95.75க்கு விற்றிருக்கிறோம். சம்பளம், மின்சாரம், ஹைட்ரஜன், வட்டி எதையும் இன்னும் தொடவில்லை. டீசலில் பீப்பாய்க்கு இருபது ரூபாய் லாபம் தெரிகிறதே என்று பார்த்தால், அதை மற்ற இரண்டும் தின்றுவிட்டன. இந்த ஆலை ஓட ஒரே வழி, அதே க்ரூடு 100க்குப் பதில் 88க்கோ 90க்கோ கிடைக்க வேண்டும். அதாவது கிணற்றடியில் எண்ணெய் வெளியே போக வழியில்லாமல் விலை விழுந்து கிடக்க வேண்டும். இந்த மாதிரி ஆலைகள் உண்மையில் சம்பாதிப்பது டீசலில் அல்ல, அந்தத் தள்ளுபடியில்தான் என்பது என் கருத்து. ஒரு குழாய்வழி போடப்பட்டால் தள்ளுபடி போய்விடும்.

'போக்குவரத்து மிச்சம்' என்ற வாதமும் இதே இடத்தில் இடறுகிறது. க்ரூடை ஆயிரம் கிலோமீட்டர் அனுப்பி டீசலாகத் திரும்ப வாங்குவதற்குப் பதில் இங்கேயே செய்துகொள்கிறோம் என்பார்கள். டீசல் பகுதிக்கு அது சரி. மீதி அறுபது சதவீதம் எப்படியும் அதே ஆயிரம் கிலோமீட்டர் போயாக வேண்டும், அதுவும் ஒரே சரக்காக இல்லாமல் இரண்டு வகையாக, இரண்டு விதமான டேங்கரில்.

இது வெறும் காகிதக் கணக்கில்லை என்று காட்ட ஒரு நடந்த கதை இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், பாக்கன் எண்ணெய் வயலின் நடுவே, டிக்கின்சன் ஊருக்குப் பக்கத்தில் டகோட்டா ப்ரேரி என்ற ஆலையை 2013இல் கட்ட ஆரம்பித்தார்கள். எம்டியு ரிசோர்சஸ், கேலுமெட் என்ற இரண்டு நிறுவனங்கள் கூட்டாக. நாளுக்கு 20,000 பீப்பாய் பாக்கன் லைட் க்ரூடு; அதில் டீசல் சுமார் 7,000 பீப்பாய். சதவீதத்தைக் கவனித்தீர்களா, 35. நாப்தாவும் கசடும் ரயிலில் வெளியே போக வேண்டியவை. திட்டம் போட்ட நேரத்தில் எல்லாமே கூடி வந்திருந்தது: குழாய்வழி போதாமல் பாக்கன் க்ரூடு தள்ளுபடியில் விற்றது, துளையிடும் ரிக்குகளும் ஆயிரக்கணக்கான லாரிகளும் டீசலைக் குடித்துத் தீர்த்தன, அந்த டீசல் வெளி மாநிலத்திலிருந்து வர வேண்டியிருந்தது. சுமார் 30 கோடி டாலர் என்று ஆரம்பித்த மதிப்பீடு 40 கோடியைத் தாண்டியது. 2015 மே மாதம் ஆலை ஓட ஆரம்பித்தபோது, 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் நின்ற க்ரூடு விலை 60 டாலர் அளவுக்கு விழுந்திருந்தது. 2016 தொடக்கத்தில் 30க்கும் கீழே. 190 அளவில் ஓடிக்கொண்டிருந்த ரிக்குகள் 2016இல் 30க்கும் குறைவாகிவிட்டன. ரிக் நின்றால் டீசல் கிராக்கியும் நிற்கும். க்ரூடு தள்ளுபடியும் சுருங்கியது. ஓராண்டு கழித்து, 2016 ஜூனில், அதை டெசோரோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். பிற்பாடு கைமாறி மாரத்தான் நிறுவனத்திடம் வந்து, இப்போது சோயா எண்ணெய் போன்ற தாவர எண்ணெயிலிருந்து டீசல் செய்யும் ஆலையாக மாற்றப்பட்டிருக்கிறது. க்ரூடு அங்கே போவதே இல்லை.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது ஒன்று. டீசல் வாங்குகிறவனும் க்ரூடு விற்கிறவனும் ஒரே ஆள்தான், எண்ணெய் வயல். அந்த வயல் படுத்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படுக்கிறது. உங்கள் திட்டத்திலும் 'வட்டாரத்திலேயே கிராக்கி' என்று சொல்லப்படுவது யாருடைய கிராக்கி என்று பாருங்கள். விவசாயம், பஸ், சரக்கு லாரி என்றால் ஒரு மாதிரி. ரிக்குகள் என்றால் வேறு மாதிரி. டகோட்டா சரிந்ததற்கு விலை வீழ்ச்சி எவ்வளவு காரணம், கட்டுமானச் செலவு ஏறியது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம், ஆளுக்கு ஆள் வேறு விதமாகச் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்து அடித்தது என்பதில் சந்தேகமில்லை.

பெரிய கம்பெனிகள் ஏன் தொடவில்லை என்பதற்கும் பதில் ஏறக்குறைய வந்துவிட்டது. ரசாயன ஆலைகளில் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: செலவு, கொள்ளளவின் 0.6 அடுக்காக ஏறும். பத்து மடங்கு பெரிய ஆலைக்குப் பத்து மடங்கு செலவாகாது, நான்கு மடங்கு ஆகும். கண்ட்ரோல் ரூமில் உட்காருகிறவர்கள் எண்ணிக்கையும் பத்து மடங்காவதில்லை. லேப், தீயணைப்பு, உபரி வாயுவை எரிக்கும் ஃப்ளேர், கழிவுநீர் எல்லாம் சின்ன ஆலைக்கும் கிட்டத்தட்ட முழுசாக வேண்டும். கசடை டீசலாக்கும் ஹைட்ரோகிராக்கர் 100 பாருக்கு மேலான அழுத்தத்தில் ஓடும் யூனிட். அதை 10,000 பீப்பாய் ஆலையில் வைத்தால் வட்டி கட்டியே மாளாது. அதனால்தான் சிறிய ஆலைகள் உடைக்கும் யூனிட் இல்லாமல் வெறும் டாப்பிங் ஆலைகளாக நிற்கின்றன. மீதி எண்ணெய்ப் பிரச்சினையிலும் அதனால்தான் மாட்டுகின்றன.

லைட் க்ரூடு ஆலைக்குள் செய்யும் சேட்டைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சுருக்கமாக. மெழுகு டேங்க் அடியில் படியும். வயலில் ஹைட்ரஜன் சல்ஃபைடை அடக்க ஊற்றும் அமீன் மருந்துகள் க்ரூடோடு வந்து, கோபுர உச்சியில் உப்பாகப் படிந்து குழாயைத் துளைக்கும். விலை மலிவு என்று கனமான க்ரூடை இதோடு கலந்தால் ஆஸ்பால்டீன் என்ற தார் போன்ற பொருள் பிரிந்து வெப்பப் பரிமாற்றிகளை அடைத்துவிடும். இரண்டும் தனித்தனியே நல்ல பிள்ளைகள், சேர்ந்தால் வம்பு. க்ரூடிலிருந்து உப்பைக் கழுவி எடுக்கும் டீசால்ட்டர் ஒழுங்காக ஓடினால் பாதித் தொல்லை தீரும்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிறிய ஆலையே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நைஜீரியாவின் இமோ மாநிலத்தில் வால்டர்ஸ்மித் நிறுவனம் தன் எண்ணெய் வயலிலேயே 5,000 பீப்பாய் ஆலை ஒன்றை 2020இல் ஓட்ட ஆரம்பித்தது. சொந்த க்ரூடு, வெளியே அனுப்பினால் குழாயில் திருட்டு, அன்று இறக்குமதி எரிபொருளையே நம்பியிருந்த நாடு. அப்படிப்பட்ட இடத்தில் கணக்கு வேறு. குழாயோ ரயிலோ எட்டாத உள்நாட்டிலும் இது ஓடலாம். உங்கள் திட்டம் இந்த வகையா, டகோட்டா வகையா என்பதை நீங்கள் எழுதியதை வைத்து என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

ஆகவே பணம் கேட்கிறவரிடம் அஸ்ஸே அறிக்கையையும், க்ரூடு விலைத் தள்ளுபடி எத்தனை வருடத்துக்கு எழுத்தில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். ஹைட்ரோட்ரீட்டரும் ஹைட்ரஜன் யூனிட்டும் மதிப்பீட்டுக்குள் இருக்கின்றனவா, இல்லை 'இரண்டாம் கட்டம்' என்று தள்ளியிருக்கிறார்களா என்று பாருங்கள். தள்ளியிருந்தால் முதல் கட்டத்தில் விற்கப்போவது விதிக்கு உட்பட்ட வாகன டீசல் அல்ல. அப்புறம் நாப்தாவுக்கும் கசடுக்கும் போட்ட விற்பனை ஒப்பந்தங்களின் நகல். அதில் வாங்குகிறவர் மாதம் இவ்வளவு எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும் என்று இருக்கிறதா, அல்லது 'தேவைக்கேற்ப எடுத்துக்கொள்வார்' என்று இருக்கிறதா என்ற அந்த ஒரு வரியை மட்டும் இங்கே அப்படியே எழுதுங்கள், மேலே பேசலாம்.